லூபஸ் நோயாளிகளுக்கு அறிவாற்றல் சோதனை: வீடியோவில் எதை எடுக்கலாம், எதை நேரில்தான் எடுக்கணும்?

தேரடி_சைக்

வணக்கம். எண்ணூர், கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் பக்கத்து லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குற வியாதி) நோயாளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அறிவாற்றல் சோதனை எடுக்க ஒரு நடைமுறை எழுதிக்கிட்டு இருக்கோம். பெரும்பாலும் பெண்கள், வயசு 20லிருந்து 45க்குள்ள. "தலை மப்பாவே இருக்கு", "அடுப்புல பால் வெச்சதே மறந்துடுது", "பேசும்போது வார்த்தை வாய்ல வந்து நின்னுடுது", இதுதான் புகார்.

நேர்ல வரச் சொன்னா பாதிப் பேர் வர மாட்டேங்கிறாங்க. வர்றவங்க வெயில்ல வந்து, ஓபி வரிசையில நின்னு, ரத்தம் கொடுத்துட்டு மதியம் ஒரு மணிக்கு நம்ம மேசைக்கு முன்னாடி உட்கார்றப்ப முகமே வாடிப் போயிருக்கு. வீடியோவுக்கு மாத்தலாமான்னு யோசனை. கேள்வி மூணு: மோகா (30 மார்க் சுருக்க அறிவாற்றல் சோதனை) மட்டும் வீடியோவுல எடுத்தா போதுமா? முழு பேட்டரில (பல சோதனைகள் சேர்ந்த தொகுப்புல) எதெது வீடியோவுக்குத் தாங்கும்? போன வருஷம் நேர்ல எடுத்த மார்க்கையும் இந்த வருஷம் வீடியோவுல எடுக்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாமா?

நியூரோ_நோட்ஸ்

மோகா போதாது. வீடியோவில் மட்டுமல்ல, நேரிலும் போதாது. 30 மார்க்கில் வேகத்தை அளக்கும் பகுதி என்று எதுவுமே இல்லை. ஒரு நிமிடத்தில் வார்த்தை சொல்லும் பகுதியை விட்டால் கடிகாரம் பார்த்து எடுக்கும் கேள்வி கிடையாது. லூபஸில் முதலில் அடிவாங்குவது கவனமும் செயல் வேகமும். 28 வாங்கிவிட்டு பஸ்ஸில் எந்த ஸ்டாப் என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் இருப்பார்கள். 26க்குக் கீழே வந்தால் மேலே பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். 26ஓ அதற்கு மேலோ வந்தால் ஒன்றுமில்லை என்று எழுதக் கூடாது.

தொலைபேசி மோகாவில் நிலைமை இன்னும் மோசம். கோடு இணைப்பது, கனசதுரம், கடிகாரம், மிருகப் படங்கள் எல்லாம் போய் 22 மார்க்தான் மிச்சம். போகிற 8 மார்க்கில் 5 பார்வையும் திட்டமிடலும் சேர்ந்த பகுதி. மீதியுள்ள 22ஐ 30க்குக் கணக்குப் போட்டு மாற்றி எழுதுவது சுலபம்தான், ஆனால் அளக்காத திறனை அளந்த மாதிரி காட்டுகிறது அந்த எண்.

அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1999இல் லூபஸின் நரம்பு, மனநலப் பாதிப்புகளை 19 வகையாகப் பிரித்தபோது அறிவாற்றல் குறைபாட்டை அதில் ஒன்றாக வைத்து, பார்க்க வேண்டிய களங்களை எட்டாகச் சொன்னது: எளிய கவனம், சிக்கலான கவனம், நினைவு, பார்வை-இடம், மொழி, தர்க்கம், செயல் வேகம், நிர்வாகத் திறன். அதற்காக அவர்கள் சொன்ன சுருக்க பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். நம் ஊரில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பேட்டரியில் இருந்து அதே களங்களுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வயது 16 முதல் 65 வரை, ஆண் பெண், படிப்பு வாரியாக நார்ம்ஸ் (மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை) இருக்கிறது. ஆனால் அந்த நார்ம்ஸ் எல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து எடுத்தவை. இதை மறந்துவிட்டு வீடியோ மார்க்கை அந்த அட்டவணையில் போட்டுப் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

வீடியோவுக்குத் தாங்குபவை: இலக்கம் திருப்பிச் சொல்வது, வார்த்தைச் சரளம் (க, ப, ம, பிறகு மிருகப் பெயர்கள்), 15 வார்த்தைப் பட்டியல் நினைவு. வாய்மொழிச் சோதனைகளில் நேருக்கும் வீடியோவுக்கும் வித்தியாசம் பொதுவாகச் சின்னது. குறியீடு-இலக்கம் மாற்றுவதை (குறியைப் பார்த்து அதற்குரிய எண்ணைச் சொல்வது) வாயால் சொல்லும் வடிவத்தில் எடுக்கலாம். தாளை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும்.

தாங்காதவை: விரல் தட்டும் சோதனை, ஆணிப் பலகை, வண்ணக் கோட்டுத் தாள், அட்டை வகைப்படுத்துதல், எதிர்வினை நேரத்தை மில்லி விநாடியில் எண்ணும் எதுவும். கடைசியாகச் சொன்னதை ஆளுக்கொரு போனில் ஆப்பாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். போனுக்குப் போன் தொடுதிரைத் தாமதம் மாறும். ஐயாயிரம் ரூபாய் போனில் எடுத்ததையும் ஐம்பதாயிரம் ரூபாய் போனில் எடுத்ததையும் ஒப்பிட்டால் போன்களைத்தான் ஒப்பிடுகிறோம். ஒரே டேப்லட்டை எல்லாருக்கும் கொடுத்து, நேரத்தை அந்தக் கருவியே குறித்துக்கொண்டால் பரவாயில்லை.

வாதநோய்_வார்டு

மேலே சொன்னதோட உடம்பையும் சேர்க்கணும். லூபஸ்காரங்களுக்கு மார்க் குறையறதுக்கு மூளை தவிர நாலஞ்சு வழி இருக்கு. எந்த வழியில குறைஞ்சதுன்னு சோதனை அன்னிக்கே குறிச்சு வெக்கலைன்னா அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

விரல். மூட்டுவலி இருக்கிற கையால 90 விநாடி வேகமா குறியீடு எழுதச் சொன்னா கை மெதுவா ஓடுது, மூளை மெதுவா ஓடுதுன்னு நாம எழுதிடுவோம். அதனாலதான் வாயால சொல்ற வடிவம் நேர்லயும் நல்லது. ரேனாட் (குளிர் பட்டா விரலுக்கு ரத்த ஓட்டம் குறையறது) இருக்கிறவங்களை ஏசி ரூம்ல உட்கார வெச்சா பத்து நிமிஷத்துல விரல் வெளுத்து மரத்துடும். ஏசியை 26க்கு வையுங்க, அல்லது மின்விசிறியோட நிறுத்துங்க. சோதனைக்கு முன்னாடி விரல் நிறத்தைப் பார்த்து எழுதுங்க. வீடியோவுல எடுத்தா கையை கேமராகிட்ட காட்டச் சொல்லுங்க.

கண். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் (லூபஸ் மாத்திரை, விழித்திரையைப் பாதிக்கலாம்) வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க விழித்திரை பரிசோதனை தேதி ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. ஆரம்பிச்ச முதல் வருஷத்துக்குள்ள ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். கண் வறட்சி இருந்தா சொட்டு மருந்து போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு ஆரம்பிங்க. படிக்கிற கண்ணாடி எடுத்துட்டு வரச் சொல்ல மறந்தா அன்னிய சோதனையே வீண்.

நேரம். காலைல மூட்டு இறுக்கம் விடணும், மாத்திரை உள்ளே போயிருக்கணும், சோர்வு வந்து கவிழ்க்கவும் கூடாது. 10.30லிருந்து 12 வரைதான் நல்ல நேரம். ஸ்டீராய்டு பல்ஸ் (பெரிய டோஸை நரம்புல ஏத்தறது) ஏத்தின வாரத்துல எடுக்காதீங்க; தூக்கம் கெட்டிருக்கும், மனசும் ஒரு நிலையில இருக்காது. ஓபி நாளும் வேண்டாம், வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கிற நாளும் வேண்டாம். தேரடி மேடம் சொல்ற மதியம் ஒரு மணி முகம் இருக்கே, அந்த முகத்துக்கிட்ட எடுத்த மார்க் ஓபி வரிசையோட மார்க்.

நேர்ல வரச் சொல்றதா இருந்தா வழியையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க. விம்கோ நகர் டெப்போவுல மெட்ரோ ஏறினா வெயில் படாம வரலாம். கத்திவாக்கம், எண்ணூர் ஆளுங்களுக்கு புறநகர் ரயில் இருக்கு, ஆனா ஸ்டேஷனுக்கு நடக்கிறது வெயில்லதான். முழுக்கை, குடை, சன் ஸ்க்ரீன். வெயில் பட்டா தோல் மட்டும் இல்ல, நோயே கிளம்பலாம்.

அன்னிக்கு எழுத வேண்டியது ஒரு பக்கம்தான்: வலி 0லிருந்து 10க்குள்ள எவ்வளவு, நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) எத்தனை மில்லிகிராம், தூக்க மாத்திரை அல்லது வலி மாத்திரை ஏதாவது, பிஹெச்க்யூ-9 (மனச்சோர்வு கேள்வித்தாள்) மார்க். இந்த ஒரு பக்கம் இல்லாத ரிப்போர்ட்டை நான் படிக்கிறதே இல்ல.

கொருக்குப்பேட்டை_கேட்

வீட்டுப் பக்கத்தைப் பத்தி யாரும் சொல்லலை. வடசென்னை வீட்டுல வீடியோ சோதனைன்னா கெட்டுப் போற இடம் இதுதான்.

முதல்ல சுவர். போனுக்குப் பின்னாடி டெய்லி ஷீட் காலண்டர் தொங்கும். "இன்னிக்கு என்ன தேதி, என்ன கிழமை"ன்னு கேட்டா நோயாளி கண்ணு ஒரு நொடி மேலே போகும், டக்குன்னு பதில் வரும். தேதியோட சேர்த்து ராகு காலம் வரைக்கும் அதுல இருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போனை எடுத்து அறையை ஒரு சுத்து காட்டச் சொல்லுங்க. காலண்டர், சுவர்க் கடிகாரம், கையில கட்டின வாட்ச், மூணையும் எடுத்து வெக்கச் சொல்லுங்க. "இப்ப எங்கே இருக்கீங்க"ங்கிற கேள்வி வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இலவச மார்க், அதை ரிப்போர்ட்டுல தனியா குறிக்கணும்.

அடுத்தது ஆள். லைன் வீடு, ஹவுசிங் போர்டு வீடுன்னா தனி அறை கிடையாது. அம்மாவோ பொண்ணோ பாசத்துல வார்த்தையை எடுத்துக் கொடுத்துடுவாங்க. "இது பரீட்சை இல்ல, நீங்க உதவி செஞ்சா தப்பான மருந்து கொடுத்துடுவோம்"னு அவங்ககிட்டயே முதல்ல பேசிடுங்க. திட்டினா வேலைக்கு ஆகாது.

சத்தம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரமா வீடுன்னா கன்டெய்னர் லாரி நாள் முழுக்க. ஆடி மாசம்னா மைக் செட். அந்த மாசத்துல அப்பாயின்ட்மென்ட் போடும்போது தெருவுல கூழ் ஊத்துற தேதி என்னைக்குன்னு கேட்டுட்டுப் போடுங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

இனி கருவி. புளூடூத் இயர்போன் வேண்டாம், குரல் தாமதமாப் போகும். ஒயர் வெச்சது 150 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆறு இஞ்ச் போன்ல தாள் சோதனையைப் படமா காட்டாதீங்க. போன்ல 'ஐ கம்ஃபர்ட்' வெளிச்சம் ஆன்ல இருந்தா திரை மஞ்சளாயிடும். ஸ்ட்ரூப் மாதிரி நிறம் சொல்ற சோதனைல நிறமே மாறித் தெரியும். அதை அணைச்சு, வெளிச்சத்தைக் கூட்டி வெக்கச் சொல்லணும். லேப்டாப்னா பேட்டரில ஓட விடுங்க, கரண்ட் போனா வைஃபை ரௌட்டரும் போயிடும், அதனால மொபைல் டேட்டாவைத் தயாரா வெச்சிருக்கணும்.

யாரும் கவனிக்காத ஒண்ணு: மோகாவுல ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போதெல்லாம் மேசையைத் தட்டணும். ஜூம்ல சத்தம் குறைக்கிற வசதி அந்தத் தட்டலைக் குப்பைச் சத்தம்னு நினைச்சு அழிச்சுடும். நோயாளி ஒழுங்காத் தட்டியிருப்பாங்க, உங்க காதுக்கு வராது, நீங்க பூஜ்யம் போட்டுடுவீங்க. நோயாளி பக்கத்து ஜூம் ஆடியோ செட்டிங்ல ஒரிஜினல் சவுண்ட் ஆன் பண்ணச் சொல்லுங்க, அப்படியும் சந்தேகம்னா கை கேமராவுல தெரியற மாதிரி வெச்சுத் தட்டச் சொல்லுங்க.

நியூரோ_நோட்ஸ்

கொருக்குப்பேட்டை சொன்னதோடு தமிழ் ஒலியையும் சேர்க்க வேண்டும். சாதாரண தொலைபேசி இணைப்பு 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். சில மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர் அலைவரிசை அங்கே வெட்டுப்படும். இணைப்பு தெளிவாக இல்லாவிட்டால் 'மழை'யும் 'மலை'யும், 'கிளி'யும் 'கிழி'யும்கூட ஒன்றாகக் கேட்கலாம். வடசென்னைப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் யகரமாகத்தான் வரும், அது வேறு. வார்த்தைப் பட்டியலைச் சொல்வதற்கு முன், பட்டியலில் இல்லாத ஆறு வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆறும் சரியாக வந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் 'மலை' என்று வந்தால் அது நினைவுக் குறைபாடா, காதில் விழுந்ததே அப்படியா என்று அப்போதே கேட்டு எழுதுங்கள்.

இலக்கம் சொல்லும்போது மொழி முக்கியம். "ஏழு, நாலு, ரெண்டு" என்று நீங்கள் சொல்ல, அவர்கள் "டூ, ஃபோர், செவன்" என்று திருப்பினால் மனசுக்குள் மொழிபெயர்த்துத் திருப்பியிருக்கிறார்கள், அது கூடுதல் வேலை. போன் நம்பரை எந்த மொழியில் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டு அந்த மொழியிலேயே எடுங்கள், எது என்று எழுதுங்கள், அடுத்த வருஷமும் அதே.

வாயால் சொல்லும் குறியீடு-இலக்கத்தில் நெட் அறுந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கணக்கு. 90 விநாடியில் 45 சரியாகச் சொல்கிறவருக்கு ஒன்றுக்கு 2 விநாடி. படம் 4 விநாடி உறைந்தால் 2 மார்க் போச்சு. அரை விநாடித் தாமதம் ஒரே சீராக இருந்தால் கவலையில்லை, உறைவதுதான் ஆபத்து. உறைந்தால் அதே தாளை மறுபடி எடுக்காதீர்கள், செல்லாது என்று குறித்துவிட்டு மாற்றுத் தாளில் இன்னொரு நாள் எடுங்கள்.

தாமத நினைவுக்கு (பட்டியலைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பது) இடையில் வரும் 20-30 நிமிடத்தில் வீட்டில் ஆள் சும்மா இருக்கமாட்டார், வார்த்தைகளை முணுமுணுப்பார், எழுதியும் வைப்பார். அந்த இடைவெளியில் படம் வரையும் வேலை கொடுங்கள், வார்த்தை வேலை வேண்டாம். வரைந்த தாளை கேமராவில் காட்டியவுடன் உறையில் போட்டு ஒட்டச் சொல்ல வேண்டும். மேசையில் கிடந்தால், அரை மணி கழித்து அதையே வரையச் சொல்லும்போது நினைவிலிருந்து வரைய மாட்டார், பார்த்துத்தான் வரைவார்.

தேரடி_சைக்

எல்லாருக்கும் நன்றி, மூணாவது கேள்வி அப்படியே நிக்குது. போன வருஷம் நேர்ல டி-ஸ்கோர் (சராசரியை 50ன்னு வெச்சு மாத்தின மார்க்) 46, இப்போ வீடியோவுல 38 மாதிரி வந்தா குறைஞ்சுதுன்னு எழுதலாமா? வாத டாக்டர்கள் அதைப் பார்த்துதான் மருந்தைக் கூட்டுறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க.

பழைய_வண்ணை

எழுதக் கூடாது. முறை மாறாமல் இருந்தாலும் 8 புள்ளி போதாது. உதாரணத்துக்குக் கணக்கு: டி-ஸ்கோரில் நியம விலக்கம் 10, சோதனையின் மறுசோதனை நம்பகம் 0.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1லிருந்து 0.80 கழித்தால் 0.20, அதன் வர்க்கமூலம் 0.447, 10ஆல் பெருக்கினால் அளவுப் பிழை 4.47. இரண்டு தடவை எடுத்ததால் இரண்டின் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்கினால் 6.3. 90 சதவீத நிச்சயத்துக்கு 1.645ஆல் பெருக்குங்கள்: 10.4. அதாவது குறைந்தது 11 புள்ளி இறங்கினால்தான் நிஜமான இறக்கம் என்று பேசவே ஆரம்பிக்கலாம். 8 என்பது அளவுகோலின் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சோதனைக்குச் சோதனை நம்பகம் மாறும், அதற்கேற்ப இந்த எண்ணும் மாறும். கையேட்டில் உள்ளதை எடுத்துப் போடுங்கள்.

இரண்டாவது தடவை எடுக்கும்போது பழக்கத்தால் மார்க் கொஞ்சம் ஏறும், அதனால் 46 அப்படியே 46ஆக நின்றாலே லேசான இறக்கம் ஒளிந்திருக்கலாம். அதன்மேல் நேர்-வீடியோ மாற்றமும் சேர்ந்தால் எது எதனால் என்று பிரிக்க வழியே இல்லை. ஆகவே ஆளுக்கு ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றும் வருஷத்தில் ஓரிரு வார இடைவெளியில் இரண்டு முறையிலும், வேறு வேறு வடிவத் தாள்களில் எடுத்து, வீடியோ மார்க்கைப் புது ஆரம்பமாக வையுங்கள். மோகாவுக்கே 8.1, 8.2, 8.3 என்று மாற்று வடிவங்கள் உண்டு.

வாதநோய்_வார்டு

மார்க்கை மட்டும் பார்த்து யாரும் இம்யூனோசப்ரசன்ட் (எதிர்ப்புச் சக்தியை அடக்குற மருந்து) ஏத்தக் கூடாது, எங்க பக்கத்து ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அறிவாற்றல் மார்க்கும் நோய்த் தீவிர மார்க்கும் கைகோத்துப் போறதில்ல. டிஎஸ்ஹெச் (தைராய்டு), பி12, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி இத்தனையும் பார்த்துட்டு அப்புறம் பேசலாம். "மறதி மறதி"ன்னு அதிகமாச் சொல்றவங்களுக்கு மனச்சோர்வு மார்க்தான் பெரும்பாலும் கூட இருக்கும்.

வீடியோவுல பிஹெச்க்யூ-9 கேட்கிறவங்க ஒன்பதாவது கேள்விக்கு (தற்கொலை எண்ணம் பத்தினது) தயாரா இருங்க. சோதனை ஆரம்பத்துலயே இப்போ இருக்கிற முகவரி, பக்கத்துல இருக்கிற பெரியவங்க நம்பர் வாங்கி வெச்சுக்கணும். ஆபத்துன்னு பட்டா அவங்களைக் கூப்பிடணும், 108ம் இருக்கு. பேச ஆள் வேணும்னா டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. போன் கட் ஆனா என்ன செய்யறதுன்னு யோசிச்சு வெக்காம அந்தக் கேள்வியைக் கேட்காதீங்க.

கொருக்குப்பேட்டை_கேட்

வீடா ஆஸ்பத்திரியான்னே ஏன் யோசிக்கணும்? நடுவுல ஒரு வழி இருக்கு. திருவொற்றியூர் பக்கம் ஏதாவது கிளினிக்ல ஒரு அறை வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது வாங்குங்க. அங்கே ஒரு நர்ஸ் அல்லது பயிற்சி கொடுத்த உதவியாளர், ஒரே லேப்டாப், ஒரே ஒயர் ஹெட்போன், தாள்கள், ஸ்டாப்வாட்ச். சோதிக்கிறவர் வீடியோவுல. காலண்டர் பிரச்சினை இல்ல, அம்மா எடுத்துக் கொடுக்கிறது இல்ல, தாள் சோதனையும் எடுக்கலாம், நோயாளிக்கு ஷேர் ஆட்டோ தூரம். உதவியாளர் தாளை வெப்பார், எடுப்பார், அவ்வளவுதான்; விதிமுறையைப் படிக்கிறதும் மார்க் போடுறதும் நீங்க.

தேரடி_சைக்

இது பிடிச்சிருக்கு, இடம் பார்க்கிறேன். அதுக்கும் வர முடியாத ஏழெட்டுப் பேருக்கு வீட்டுக்குத் தாள் அனுப்பணும். வாட்ஸ்அப்ல ஸ்கேன் அனுப்பலாமா?

பழைய_வண்ணை

வேண்டவே வேண்டாம். காப்புரிமை ஒரு பக்கம்; ஒரு தடவை வாட்ஸ்அப்பில் போனால் நோயாளிகள் குரூப்புக்குப் போய்விடும், அப்புறம் அந்தத் தாள் வடசென்னைக்கே செல்லாது. ஏ4 தாளில் அச்சடித்து, ஒவ்வொரு சோதனையையும் தனி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, 1, 2, 3 என்று எண் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் வையுங்கள். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கட்டும். வீடியோவில் நீங்கள் "ஒன்று" என்று சொன்ன பிறகு, ஒட்டு பிரியாமல் இருப்பதைக் கேமராவில் காட்டிவிட்டுக் கிழிக்க வேண்டும். பென்சில் இரண்டு சேர்த்து வையுங்கள், வீட்டில் தேடினால் பேனாதான் கிடைக்கும்.